அடுத்து வரும் நோயாளிக்காக

நேயர்களுக்கு வணக்கம்.

1976-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் ஓர் இளம் குடும்ப மருத்துவர் நீதிமன்றத்தில் நின்றார். பெத்திடின் என்ற வலிநீக்கி மருந்துக்கு அடிமையாகி, அதைப் பெறுவதற்காகப் பொய்யான மருந்துச்சீட்டுகள் எழுதியிருந்தார். நீதிமன்றம் அபராதம் போட்டது. மருத்துவர்களின் பதிவேட்டை வைத்திருக்கும் பொது மருத்துவக் கவுன்சிலோ ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டது. அடுத்த ஆண்டே அவர் வேறோர் ஊரில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். அவர் பெயர் ஹரால்ட் ஷிப்மன். பிற்பாடு நடந்த பொது விசாரணை, அவர் கொன்ற நோயாளிகள் 215 பேர் என்று உறுதி செய்தது.

தவறு செய்யும் மருத்துவரெல்லாம் கொலைகாரர் ஆகிவிடுவார் என்று நான் சொல்ல வரவில்லை. போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர் தொழிலுக்குத் திரும்பலாம், திரும்பவும் வேண்டும். ஆனால் அந்த வகை மருந்துகளை அவர் தொடக் கூடாது, மூத்த மருத்துவர் ஒருவர் மேற்பார்க்க வேண்டும் என்ற நிபந்தனைகளாவது வேண்டாமா? 'பாவம், நல்ல டாக்டர், இளம் வயது' என்று யோசிக்கிற விசாரணைக் குழு, அடுத்து அவர் முன்னால் வந்து உட்காரப்போகும் நோயாளியை மறந்துவிடுகிறது. ஒழுங்கு நடவடிக்கை இருப்பதே அந்த நோயாளிக்காகத்தான்.

மருத்துவரும் மனிதர்தான், கை தவறும். இரவெல்லாம் விழித்தவர் மருந்தின் அளவை மாற்றி எழுதிவிட்டு, தெரிந்த உடனே குடும்பத்தாரிடம் சொல்லி, சரிசெய்யப் பார்க்கிறார். இன்னொருவர் அதே தவறைச் செய்துவிட்டு கேஸ் ஷீட்டைத் திருத்துகிறார். முன்னவருக்குப் பயிற்சியும் ஓய்வும் போதும். பின்னவரை என்னால் நம்ப முடியாது; நோயாளியும் நம்ப வேண்டியதில்லை. போதையில் அறுவை சிகிச்சை செய்வது, நோயாளியிடம் தகாத முறையில் நடப்பது, கமிஷனுக்காகத் தேவையில்லாத பரிசோதனை எழுதுவது எல்லாம் கை தவறியதில் சேராது.

புகார் கடுமையானது என்றால், முடிவு வரும்வரை மருத்துவரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். அதற்கு அவர் குற்றவாளி என்று முடிவாகியிருக்க வேண்டியதில்லை. நிரூபணத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. குற்றவியல் வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் மருத்துவர்கள் மீதான விசாரணையிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. 2008 முதல், நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும் என்று மாற்றினார்கள். மருத்துவருக்கு இது கடுமைதான். ஆனாலும் சரியான மாற்றம் என்றே நினைக்கிறேன். இங்கே கேள்வி சிறைக்கு அனுப்புவதா என்பது இல்லை. இவரிடம் நோயாளியை ஒப்படைக்கலாமா என்பதுதான்.

அப்புறம், எனக்குப் பெரிய கவலை சக மருத்துவர்களின் மௌனம். 'நம்மவரை நாமே காட்டிக்கொடுப்பதா' என்ற தயக்கம் எந்தச் சட்டத்தையும் முடக்கிவிடும். 1998 மார்ச்சில், ஷிப்மனின் நோயாளிகள் அளவுக்கு மீறி இறக்கிறார்கள் என்று பக்கத்து கிளினிக்கின் பெண் மருத்துவர் ஒருவர் துணிந்து மரண விசாரணை அதிகாரியிடம் சொன்னார். போலீசார் விசாரித்தார்கள். ஷிப்மனின் பழைய குற்றப் பதிவை எடுத்துப் பார்க்கவில்லை, மருத்துவக் கவுன்சிலிடமும் கேட்கவில்லை. ஏப்ரலில் ஆதாரம் இல்லையென்று முடித்துவிட்டார்கள். அவர் கைதானது செப்டம்பரில். அந்த இடைவெளியில் இன்னும் மூன்று பெண்கள் அவரை நம்பி இறந்துபோனார்கள்.