மிகைத் தைராய்டுக்கு மூலிகை போதுமா?

(மும்பை மாட்டுங்காவில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். தைராய்டு நோய் என்று நாம் பொதுவாகச் சொல்வது, ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு நோய்களை உள்ளடக்கியது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மந்தமானால் உடல் பெருத்துச் சோர்கிறது. மிகையாகச் சுரந்தாலோ நன்றாக உண்டும் உடல் இளைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. இரத்தப் பரிசோதனையில் சுரப்பியைத் தூண்டும் இயக்குநீரான டி.எஸ்.எச். குறைந்தும், சுரப்பி சுரக்கும் இயக்குநீர்களான டி3, டி4 உயர்ந்தும் இருப்பது இந்த இரண்டாவது நிலையைக் காட்டும். நான் பேசவிருப்பது அதைப் பற்றி மட்டுமே.

தாராவியிலோ செம்பூரிலோ நாட்டு மருந்து வாங்கும் நம்மவர்கள், தைராய்டுக்கு நல்லதென்று யாரோ சொன்னதைக் கேட்டு அமுக்கரா என்னும் அசுவகந்தாவின் சூரணத்தை உட்கொள்வதுண்டு. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், சுரப்பி லேசாக மந்தமாயிருந்த 50 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் அமுக்கரா வேர்ச்சத்தை எட்டு வாரம் கொடுத்தபோது, அவர்களுடைய டி3, டி4 அளவுகள் உயர்ந்தன. மந்தச் சுரப்பு உள்ளவருக்கு அது ஆறுதலாகலாம். ஏற்கெனவே மிகையாகச் சுரப்பவருக்கு எரிகிற அடுப்பில் விறகை வைப்பதுதான். அயோடின் மிகுந்த கடற்பாசி மாத்திரைகளும் இத்தகையவையே.

சுரப்பைத் தணிக்கும் மூலிகை இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. ஐரோப்பாவில் வளரும் லைகோபஸ் என்ற செடியை, லேசான மிகைச் சுரப்புக்கு உரியதென ஜெர்மனியின் மூலிகை மதிப்பீட்டுக் குழுவான கமிஷன் ஈ ஏற்றிருந்தது. ஆனால் அதே குழு, மிகுந்த அளவில் நெடுநாள் உண்டால் சுரப்பி பெருக்கலாம் என்றும், திடீரென நிறுத்தினால் நோய்க்குறிகள் கூடலாம் என்றும் எச்சரித்தது. வேலை செய்கிற மூலிகைக்கு வேண்டாத விளைவும் இருக்கும் என்பதை நம் விளம்பரங்கள் மட்டும் ஏனோ ஒப்புக்கொள்வதில்லை. சீன மூலிகைகளைக் குறித்து 1,770 நோயாளிகள் பங்கேற்ற 13 ஆய்வுகளை, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2007இல் தொகுத்துப் பார்த்தபோதும், அவையனைத்தும் தரம் குறைந்தவை என்றே முடிவு கண்டது.

இதயத் துடிப்பு தாளம் தப்புவதும் எலும்பு தேய்வதும் நேரக்கூடிய இந்நோயில், இத்தகைய சான்றை நம்பிக் காத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை ஆகிய மூன்றும் தேறிய வழிகள். அவற்றுள் அயோடின் சிகிச்சைக்கு நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிர்வீச்சு மருத்துவ மையம் இதே நகரின் பரேலில்தான் இருக்கிறது. அச்சிகிச்சைக்குச் செல்வோர், தாம் உண்ணும் சூரணம், லேகியம், பாசி மாத்திரை எதையும் மறைக்காமல் மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். அயோடின் கலந்த பொருள் உடலில் இருந்தால், கதிரியக்க அயோடினைச் சுரப்பி போதிய அளவு ஏற்காது.

கார்பிமசோலிலும் ஆபத்து உண்டு. அரிதாகச் சிலருக்கு அது இரத்த வெள்ளணுக்களை வெகுவாகக் குறைத்துவிடும். ஆகவே அம்மாத்திரை உண்ணும் காலத்தில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், கஷாயம் குடித்து இரண்டு நாள் பார்க்கலாம் என்றிராமல், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைக் கண்டு வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்துவிட வேண்டும்.