கோபியில் தோற்ற கோதுமை

நடுவர் அவர்களுக்கு வணக்கம். எதிரணிக்கு வணக்கம். வீட்டிலிருந்தே பாய் கொண்டுவந்து விரித்திருக்கும் தாய்மார்களுக்கும், பாய் கிடைக்காமல் கரும்புச்சாறு வண்டி ஓரமாக நிற்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம். எட்டு நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் வணக்கத்திலேயே மூன்றைத் தின்றார்கள். நான் நேராகப் பந்திக்கு வந்துவிடுகிறேன்.

தலைப்பு என்ன? நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பெருமை சேர்ப்பது நாட்டுப் பிரச்சினையில் எழுப்பும் குரலா, தொகுதியில் செய்யும் வேலையா? 'குரலே' என்று பேச எங்களை இந்தப் பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், நடுவர் போனில் கூப்பிட்டபோது எந்த அணி என்றே நான் கேட்கவில்லை. "கோபிசெட்டிபாளையத்தில், நம்ம கோபியில் பட்டிமன்றம்" என்றார். "வந்துடறேனுங்க" என்றேன். சொந்த ஊருக்கு வர அணி எதற்கு?

எதிரணி அக்கா எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி: "டெல்லியில் பேசினால் எங்கள் ஊருக்கு நிழற்குடை வருமா?" அக்கா, ஊரில் எத்தனையோ பேர் இருக்க, நிழற்குடையைப் பற்றி என்னிடமா கேட்பது?

தடப்பள்ளி வாய்க்கால் ஓரம் எங்கள் ஊர். அங்கே ஒரு வேப்பமரம். என் தாத்தா காலத்திலிருந்து அந்த மரத்தடிதான் பஸ் ஸ்டாப். ஒருநாள் எங்கள் எம்.பி. ஒரு காதுகுத்துக்கு வந்தார். எந்த எம்.பி., எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், இந்த விழாவுக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் நன்கொடை கொடுத்திருக்கிறார்கள். வந்தவர் மொய் வைத்தார். குழந்தையைத் தூக்கினார். காது குத்தும்போதுகூட அழாத குழந்தை அப்போது அழுதது. சாப்பிட்டுக் கை கழுவப் போனவரிடம் எங்கள் பெரியப்பா ஒரு மனுவை நீட்டினார். "பஸ்ஸுக்கு நிக்க ஒரு நெழலு வேணுங்க." எம்.பி. ஈரக்கையோடு அதை வாங்கிப் படித்தார். எங்கே நின்று படித்தார்? அந்த வேப்பமர நிழலில் நின்று!

சரி, கட்டினார்கள். மரத்தடியில் இடம் பத்தாது என்று அறுபது அடி தள்ளிக் கட்டினார்கள். கூரைக்கு மேலே எம்.பி. பெயர். ஒவ்வொரு எழுத்தும் என் உயரம். மெயின் ரோட்டில் போகிறவனுக்கும் பெயர் தெரிய வேண்டுமே, அதனால் கூரையையும் நன்றாகத் தூக்கிவிட்டார்கள். காலையில் எட்டு மணிக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கிற நேரத்தில், அந்த நிழற்குடையின் நிழல் எங்கே விழுகிறது தெரியுமா? ரோட்டைத் தாண்டி டீக்கடை வாசலில். டீக்கடைக்காரர் மனுவே கொடுக்கவில்லை!

பஸ் டிரைவருக்கோ முப்பது வருஷப் பழக்கம். மரத்தடியில்தான் நிறுத்துவார். அதனால் ஜனமெல்லாம் மரத்தடியில். அப்படியானால் நிழற்குடையில் யார்? எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளாடு. பெஞ்சில் ஏறி, முன்னங்காலை மடக்கி, அசை போட்டபடி, போகிற வருகிற பஸ்ஸை எல்லாம் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும். ஏதோ டைம் கீப்பர் மாதிரி.

ஐந்து வருஷம் போனது. தேர்தல் வந்தது. புது எம்.பி. வந்தார். எங்கள் ஊருக்கு அவர் செய்த முதல் தொகுதிப் பணி என்ன? அந்த நிழற்குடைக்குப் பெயின்ட். பழைய பெயரை அழித்துப் புதுப் பெயர். இவர் பெயர் கொஞ்சம் நீளம், இனிஷியல் மட்டும் டீக்கடைப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. பெயின்டர் வந்த அன்றைக்கு ஆட்டைக் கீழே இறக்கிவிட்டார்கள். அது போய் மரத்தடியில் ஜனத்தோடு நின்றது. பஸ் வந்தது. கூட்டத்தில் கண்டக்டர் பார்க்காமலேயே சொன்னார்: "ஏறுங்க, ஏறுங்க, உள்ள போங்க."

பெயின்ட் காய்ந்ததும் அது பெஞ்சுக்குத் திரும்பி வந்துவிட்டது. இரண்டு எம்.பி. மாறியும் பயனாளி மாறவில்லை! அக்கா சொல்லும் தொகுதி மேம்பாட்டில் எங்கள் ஊரில் மேம்பட்டது அந்த ஆடு ஒன்றுதான்.

சிரித்தது போதும், கணக்குக்கு வருகிறேன். கணக்கு சின்னதுதான். எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி 1993 டிசம்பரில் தொடங்கியது. 2011-இலிருந்து வருஷத்துக்கு 5 கோடி ரூபாய். அதுவும் அவர் கையில் வராது. இன்னின்ன வேலை வேண்டும் என்று அவர் பரிந்துரை செய்வார், செய்து முடிப்பது மாவட்ட நிர்வாகம். கோபி இன்றைக்கு எந்த நாடாளுமன்றத் தொகுதி? ஈரோடு மாவட்டத்தில் இருந்துகொண்டு திருப்பூர் தொகுதிக்கு ஓட்டுப் போடுகிறோம். பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபி, திருப்பூர் வடக்கு, தெற்கு என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள், ஏறத்தாழ 16 லட்சம் வாக்காளர்கள். 5 கோடியை 16 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு வருஷத்துக்கு 31 ரூபாய் சொச்சம். ஒரு டீ, ஒரு பஜ்ஜி. ஆட்டுக்கும் பங்கு கொடுத்தால் பஜ்ஜி கிடையாது.

அந்த 31 ரூபாய்க்காகவா ஒருவரை டெல்லிக்கு அனுப்புகிறோம்? விடியற்காலையில் இந்த ரோட்டில் நின்று பாருங்கள். கம்பெனி வேனில் எத்தனை பெண்பிள்ளைகள் திருப்பூருக்குப் போகிறார்கள்! 2021 பட்ஜெட்டில் வெளிநாட்டுப் பஞ்சுக்கு இறக்குமதி வரி போட்டார்கள். அடுத்த வருஷம் நூல் விலை ஏறி, பனியன் கம்பெனிகள் தவித்தன. 2022 ஏப்ரலில் அந்த வரியைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். அது நிழற்குடையில் நடந்த வேலையா? டெல்லியில் கத்த வேண்டிய இடத்தில் கத்தினால்தான் இந்த வேனில் பிள்ளைகள் போக முடியும்.

இதோடு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் அக்கா கடைசியாக, மத்திய உணவு மந்திரியாக இருந்த சி.எஸ். மீது ஒரு பந்து போட்டார். "சி.சுப்பிரமணியம் டெல்லியில் கோதுமை விதைத்தார், கோபியில் கோட்டை விட்டார். தொகுதியை மறந்தவரைத் தொகுதி மறந்தது!" என்றார். எதுகை மோனையெல்லாம் பிரமாதம். நீங்களும் கை தட்டினீர்கள். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்கா, ஒரே ஒரு கேள்வி. 1962-இலிருந்து 1967 வரைக்கும் சி.எஸ். எந்தத் தொகுதிக்கு எம்.பி.? கோபியா? பொள்ளாச்சி! கோபியில் அவர் நாடாளுமன்றத்துக்கு நின்றதே 1967-இல்தான். நின்றார், தோற்றார். எம்.பி.யாகவே இல்லாத ஊரை அவர் எப்படி மறக்க முடியும்? கல்யாணமே ஆகாதவன்மீது, பெண்டாட்டியைக் கவனிக்கவில்லை என்று பஞ்சாயத்துக் கூட்டுகிறீர்களே, இது எந்த ஊர் நியாயம்?

இப்போது தட்டுங்கள். முதலில் தட்டியவர்கள் இரண்டு மடங்கு தட்ட வேண்டும்.

அப்புறம், தொகுதி வேலை செய்தவன் ஜெயிப்பான் என்றால் அதே 1967-இல் விருதுநகரில் காமராஜர் ஏன் தோற்றார்? ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தவர், பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டவர், சொந்த ஊரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றார். 39 நாடாளுமன்றத் தொகுதிகளில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை மூன்று. தி.மு.க. நின்ற 25 இடத்திலும் ஜெயித்தது. அது அலை. அலையில் நல்ல நீச்சல்காரனும் போவான், அக்கா.

சி.எஸ். என்ன செய்துகொண்டிருந்தார் டெல்லியில்? எஃகுத் துறையில் இருந்தவரை 1964-இல் பிரதமர் சாஸ்திரி உணவுத் துறைக்கு மாற்றினார். யாரும் கேட்டு வாங்காத துறை. அமெரிக்கக் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் கோதுமை என்றிருந்த காலம். 1965-இல் மழை பொய்த்தது, 1966-லும் பொய்த்தது. திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை விடுங்கள் என்று பிரதமரே ஜனங்களிடம் கேட்டார். நடுவில் 1965 பிப்ரவரி, இந்தி எதிர்ப்பில் தமிழ்நாடு எரிந்துகொண்டிருந்தது. அப்போது சி.எஸ்.ஸும் ஓ.வி.அழகேசனும் மத்திய மந்திரி பதவியையே ராஜினாமா செய்தார்கள். ஆங்கிலம் தொடரும் என்று சாஸ்திரி உறுதி சொன்ன பிறகுதான் அது திரும்பப் பெறப்பட்டது. அடுத்த வருஷம், மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை இறக்கினார். வெளிநாட்டு விதையா என்று ஏசினார்கள். தன் அரசாங்க பங்களாவின் புல்வெளியை உழுது அதிலேயே கோதுமை போட்டுக் காட்டினார் மனிதர். எந்த எம்.பி.யாவது தன் வீட்டு வாசலைக் கிளறியதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நம் வாசலைக் கிளறிக் குழாய் பதித்துவிட்டு மூடாமல் போவார்கள், அது வேறு.

அந்த விதை நாடு முழுக்க முளைத்து அறுவடைக்கு வந்தது 1968-இல். அடுக்க இடமில்லாமல் வடக்கே பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டு, வகுப்பறையில் மூட்டை அடுக்கினார்கள். அரசாங்கம் கோதுமைப் புரட்சி என்று தபால்தலை போட்டது. விதைத்தவர் அப்போது மந்திரியும் இல்லை, எம்.பி.யும் இல்லை. கோபியில் தோற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரு நிமிஷம் ஐயா. இது என் அணிக்குச் சாதகமா என்றுகூடத் தெரியவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அம்முச்சி, அம்மாவைப் பெற்றவர், இதே வாய்க்கால் பாசனத்தில் நாற்று நட்டவர். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நெல். ஆனால் 1966-இல் வீட்டில் அரிசி இல்லை. ரேஷனில் கோதுமைதான். கோதுமையை என்ன செய்வதென்று இந்த ஊர்ப் பெண்களுக்கு அப்போது தெரியுமா? நெல்லைப் போல உரலில் போட்டுக் குத்தினாராம். தவிடு போகும், உமி போகும் என்று குத்திக்கொண்டே இருந்தாராம். கடைசியில் களியாகக் கிண்டி வைத்தார். ஐந்து பிள்ளைகள். கடைக்குட்டி என் அம்மா. தட்டைத் தள்ளிவிட்டு, "சோறு" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்படியே தூங்கிப்போனாளாம். அம்முச்சி அதைச் சொல்லும்போதெல்லாம் 'சோறு' என்பதைக் குழந்தைக் குரலில்தான் சொல்வார்.

அடுத்த மாசியில் ஓட்டு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தெருவில் தி.மு.க.வின் மைக் கட்டிய வண்டி போனது. அம்முச்சி போய் ஓட்டுப் போட்டார். யாருக்கு என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

1998. சி.எஸ்.ஸுக்குப் பாரத ரத்னா என்று டி.வி.யில் செய்தி. அம்முச்சி திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய், "அம்முச்சி, நம்ம கோபியில நின்னு தோத்தாரே, கோதுமை கொண்டாந்தவரு, அவருக்குப் பெரிய விருது குடுத்திருக்காங்க" என்றேன்.

முறம் நின்றுவிட்டது. "அந்த மனுசன் உசுரோடவா இருக்காரு?" என்றார்.

"இருக்காருங்க அம்முச்சி. மெட்ராஸ்ல."

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கல் பொறுக்கிய கை அரிசியிலேயே கிடந்தது. அப்புறம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, உள்ளே இருக்கும் என் அம்மாவுக்குக் கேட்காத மாதிரி சொன்னார்: "கண்ணு, அன்னிக்கு நான் அவருக்கு ஓட்டுப் போடலை. புள்ளைங்க பசிக்குதுன்னு போட்டேன். ஆருகிட்டயும் சொல்லிப்போடாதே."

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நானும் சொல்லாமல்தான் வைத்திருந்தேன், அம்முச்சி. இன்றைக்கு மைக்கில் சொல்லிவிட்டேன்.

அடியுங்கள் ஐயா மணியை.