சுவரில் யார் பெயர் இருக்க வேண்டும்?

நண்பர்களே, வணக்கம். நினைவுப் பலகை என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது திறப்பு விழாக் கல்தான். இன்னார் தலைமையில், இன்னார் முன்னிலையில், இன்னார் திறந்துவைத்தார் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். அந்தக் கட்டடம் வர வேண்டும் என்று வருடக்கணக்கில் மனு கொடுத்து அலைந்தவர் யார், இடம் கொடுத்தவர் யார், எதற்காகக் கட்டினார்கள் என்பதற்கு ஒரு வரி இருக்காது. அந்தக் கல்லுக்கு எதிராக வழக்காடத்தான் இன்று வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவரில் எழுதும் வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை. அப்படி வரும் வாய்ப்பை விழாவுக்கு வந்து போனவர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம். அங்கே வாழ்ந்தவர்களுக்கும் அங்கே நடந்ததற்கும் சேர வேண்டிய இடம் அது.

பலகையால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. புத்தகம் இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது, கைபேசியில் தேடினால் எல்லாம் வருகிறது, அப்புறம் சுவரில் எதற்கு? சரி, தேடுகிறவருக்கு அதெல்லாம் போதும். தேட வேண்டும் என்றே தெரியாதவர் இருக்கிறாரே, பேருந்துக்குக் காத்துக்கொண்டு எதிர்ச் சுவரைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பவர், அவரிடம் போய்ப் பேசுவது பலகை ஒன்றுதான். தினமும் நடக்கிற தெருவிலேயே அந்த விஷயம் நடந்தது என்று தெரியும்போது, அதுவரை எங்கோ யாருக்கோ நடந்ததாக இருந்த வரலாறு நம் பக்கத்து வீட்டுச் சங்கதி ஆகிவிடுகிறது.

இதை ஒரு திட்டமாகவே செய்த நகரம் லண்டன். 1863இல் வில்லியம் யூவர்ட் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் யோசனை சொன்னார், 1866இல் கலைச் சங்கம் வேலையைத் தொடங்கியது, 1867இல் கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் முதல் பலகை ஏறியது. அந்த வீட்டையே 1889இல் இடித்துவிட்டார்கள், பலகையும் போயிற்று. இன்று லண்டனில் அந்தத் திட்டத்தின் நீல வட்டப் பலகை ஒருவருக்கு வேண்டுமென்றால் அவர் இறந்து 20 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும், அவர் இருந்த கட்டடமும் நிற்க வேண்டும். நல்ல விதி. இன்றைக்குக் கொடிகட்டிப் பறக்கிறவர் இருபது வருடம் கழித்தும் பலகைக்குத் தகுதியானவராகத் தெரிகிறாரா என்று பார்ப்பதில் தவறே இல்லை. ஆனால் ஒன்றரை நூற்றாண்டு வேலைக்குப் பிறகும், சில ஆண்டுகளுக்கு முன் கணக்கெடுத்தபோது, அந்தப் பலகைகளில் பெண்களுடையவை ஏறத்தாழ 14 சதவீதம்தான். லண்டனில் பெண்கள் வாழாமல் இருந்தார்களா? பரிந்துரைக்கிற ஆள் இருந்தவருக்குப் பலகை வந்தது, அவ்வளவுதான் விஷயம்.

என்னைக் கேட்டால், பலகையின் பயனைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஜெர்மனியின் குன்டர் டெம்னிக். ஹிட்லரின் நாஜிகள் பிடித்துக்கொண்டு போனவர்கள் கடைசியாகத் தங்கள் விருப்பப்படி வாழ்ந்த வீட்டின் வாசலில், நடைபாதையிலேயே, பத்து சென்டிமீட்டர் கல் ஒன்றைப் பதிக்கிறார். மேலே பித்தளைத் தகடு. இங்கே வாழ்ந்தார் என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, எப்போது கொண்டுபோனார்கள், எங்கே கொன்றார்கள், அவ்வளவுதான் இருக்கும். 1992இல் தொடங்கிய வேலை, 2023இல் ஒரு லட்சமாவது கல்லைத் தொட்டது. எழுத்துகளை இன்னமும் கையால்தான் அடிக்கிறார்கள், ஒவ்வோர் எழுத்தாக. யூதர்கள் மட்டும் இல்லை, ரோமா மக்கள், ஓரினச்சேர்க்கையாளர்கள், மாற்றுத்திறனாளிகள், அரசை எதிர்த்தவர்கள் எல்லாருக்கும் உண்டு. ஒரு குடும்பத்தில் நான்கு பேர் என்றால் நான்கு கல். அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்று படிக்கும்போது மனம் அந்த எண்ணைப் பிடிக்க முடியாமல் விட்டுவிடுகிறது. ஒரே வாசலில் அப்பா, அம்மா, எட்டு வயதில் ஒன்று, மூன்று வயதில் ஒன்று என்று குனிந்து படிக்கும்போது விட முடியாது. அந்தக் கதவும் அங்கேயே இருக்கிறது, அதற்குள் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

இதையும் எல்லாரும் ஏற்கவில்லை. அன்று மனிதர்களை மிதித்தார்கள், இன்று அவர்கள் பெயரையும் மிதிக்க வேண்டுமா என்று மியூனிக் நகரின் யூதச் சமூகத் தலைவரே கேட்டார், அவரும் அந்தக் காலத்தைத் தப்பிப் பிழைத்தவர். அதனால் அந்த நகராட்சி நடைபாதையில் அனுமதி தரவில்லை. 2018 முதல் சுவரிலும் தூணிலும் கண் மட்டத்தில் பதிக்கிறார்கள். எனக்குக் குனிந்து படிக்கும் கல்தான் பிடிக்கும், ஆனாலும் எங்கே வைப்பது என்பதைக் குடும்பத்தாரையும் அந்தச் சமூகத்தாரையும் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரஷ்யாவில் 2014 டிசம்பரில் இதே எண்ணத்தில் ‘கடைசி முகவரி’ என்ற திட்டம் தொடங்கியது. ஸ்டாலின் காலத்தில் வீட்டிலிருந்து இழுத்துப்போய்க் கொல்லப்பட்டவர்களின் பெயர், தொழில், கைதான நாள், சுடப்பட்ட நாள், பிறகு குற்றமற்றவர் என்று அரசே அறிவித்த ஆண்டு ஆகியவை உள்ளங்கை அகல உலோகத் தகட்டில் இருக்கும். படம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. அண்மை ஆண்டுகளில் இந்தத் தகடுகளில் பலவற்றை யாரோ கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள். பலகைக்கு ஒரு பயனும் இல்லையென்றால் இவ்வளவு சின்னத் தகட்டைக் கழற்ற ஒருவர் ஏன் மெனக்கெட வேண்டும்?

அமெரிக்காவின் மிசிசிப்பியில் 1955இல் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கொன்று ஆற்றில் போட்டார்கள். உடல் கிடைத்த ஆற்றங்கரையில் நட்ட பலகையைத் திருடிப் போனார்கள். மறுபடி வைத்தார்கள், துப்பாக்கியால் சுட்டுச் சல்லடை ஆக்கினார்கள். மறுபடியும் வைத்தார்கள், மறுபடியும் சுட்டார்கள். கடைசியில் 2019இல் குண்டு துளைக்காத பலகை, ஏறத்தாழ 225 கிலோ எடையில். அங்கே போய்ப் பலகையைச் சுடுகிறவருக்கு அந்தப் பையன் இன்னும் சாகவில்லை என்று தெரிந்திருக்கிறது.

இனி எழுத்துக்கு வருவோம், பெரும்பாலான பலகைகள் கெட்டுப்போவது அங்கேதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் எட்வர்ட் கோல்ஸ்டன் என்ற பழைய காலத்து வணிகருக்கு 1895இல் சிலை வைத்து, நகரின் ஒழுக்கமும் அறிவும் மிக்க மைந்தர்களில் ஒருவர் என்று எழுதினார்கள். அவர் உயர் பொறுப்பிலிருந்த நிறுவனம் 80,000க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது. அதைச் சொல்லும் இரண்டாவது பலகை வைக்கலாம் என்று 2018இல் பேச ஆரம்பித்தார்கள். சொற்களை இப்படி மாற்று, அந்த எண்ணை எடு, இந்த வரியை மென்மையாக்கு என்று இழுத்து இழுத்து, கடைசியில் பலகை வரவேயில்லை. 2020 ஜூன் 7 அன்று மக்கள் சிலையையே கவிழ்த்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். நடந்ததை நடந்தபடி நான்கு வரியில் எழுத மனம் வராத ஊரில் அது நடந்ததில் எனக்கு வியப்பில்லை.

மாற்றி எழுதவும் முடியும். டிஎன்ஏயின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று விஞ்ஞானி கிரிக் 1953இல் அறிவித்த கேம்பிரிட்ஜ் மதுக்கடையில், கிரிக், அவரோடு வேலை செய்த வாட்சன் ஆகியோர் பெயர்களோடு 2003இல் பலகை வைத்தார்கள். ரோசலிண்ட் பிராங்க்ளின் என்ற பெண் விஞ்ஞானி எடுத்த எக்ஸ்ரே படங்கள் இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பு இல்லை. யாரோ ஒருவர் அதே பலகையில் ‘+ பிராங்க்ளின்’ என்று கிறுக்கி வைத்தார். 2023இல் அவர் பெயரும் சேர்ந்த புதுப் பலகை வந்தது. கிறுக்கியவருக்கு நான் நன்றி சொல்வேன்.

எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் முன்பே இருந்திருக்கிறார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல்லைப் பாருங்கள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. பேடு தீயன் அந்தவன் என்ற ஒருவனுடைய கல், கூடலூர் ஆகோளில், அதாவது மாடுகளைக் கவரும் சண்டையில், இறந்தவன். ஒரே வாக்கியம்கூட முழுதாக இல்லை, ஆனால் யார், எங்கே, எதில் என்ற மூன்றும் வந்துவிட்டன. கல்லை நட்டுத் திறந்துவைத்தது யார் என்று அதில் இல்லை.

அதனால் நீங்கள் பலகை வைக்கப் போகிறீர்கள் என்றால், பெயரை எழுதுங்கள், அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள், இந்த இடத்தோடு அவருக்கு என்ன தொடர்பு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று எழுதுங்கள். புகழ்மொழிகளை எடுத்துவிடுங்கள், அவை எல்லாருக்கும் பொருந்தும். க்யூஆர் குறியீடு வைக்கலாம், ஆனால் அது போய்ச் சேரும் இணைய முகவரி சில வருடத்தில் செத்துப்போகும், அதனால் சொல்ல வேண்டியது பலகையிலேயே இருக்கட்டும். நின்றபடி படிக்கும் உயரம், தெருவைக் கடக்காமல் தெரியும் எழுத்து, வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம். பித்தளை கறுக்கும், பெயின்ட் உரியும். யார் துடைப்பது, யார் திருப்பி எழுதுவது என்று பெயர் போட்டு முடிவுசெய்த பிறகு சுவரில் துளை போடுங்கள். வீடு கைமாறினால் பலகை என்ன ஆகும் என்பதையும் அந்தச் சம்மதக் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.