பார்சல் கிளம்பும் முன்னே

நேயர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் சிறு வியாபாரிகளுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் வரிக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். பாத்திரக் கடை, பட்டுத் தறி, நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறை, அரிசி ஆலை என்று எல்லாம் என் மேசைக்கு ஃபைலாக வந்து சேரும். கொஞ்ச காலமாக அந்த ஃபைல்களுக்குள் ஒரு புதுக் காகிதத்தை அடிக்கடி பார்க்கிறேன். வெளிநாட்டு இணையதளத்தில் வாங்கிய பொருளுக்காக, வரி கட்டச் சொல்லிக் கூரியர்காரர் கொடுத்த சீட்டு.

சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஒரு தம்பி. வார்ப்பு ஆறி, வண்டல் மண் கூட்டை உடைத்துச் சிலையை வெளியே எடுத்த பிறகுதான் அவருக்குப் பெரிய வேலையே தொடங்கும். அரமும் உளியுமாக ஒவ்வொரு ஆபரணத்தையும், ஒவ்வொரு துணி மடிப்பையும் தீர்த்தெடுக்க வேண்டும். அந்தப் பாட்டைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று வெளிநாட்டிலிருந்து கையடக்கமான செதுக்கு இயந்திரம் ஒன்று வரவழைத்தார். வாசலில் கூரியர்காரர் கேட்ட வரியைக் கட்டி வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் என்னிடம் வந்து, "அண்ணே, இந்த வரிக்கு இன்புட் எடுத்துக்கலாம்ல?" என்று கேட்டார். தொழிலுக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை, விற்கும்போது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வதைத்தான் இன்புட் என்கிறோம்.

அவர் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தேன். இறக்குமதி செய்தவர் பெயர் என்ற இடத்தில் அவருடைய ஆதார் பெயர், தகப்பனார் எழுத்தோடு. முகவரி, வீட்டு முகவரி. ஜிஎஸ்டி எண்ணுக்கு உரிய கட்டம் காலி. பட்டறையின் பெயர் அந்தத் தாளில் எங்குமே இல்லை. அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் எவ்வளவு பணம் என்று பார்ப்போம். புரிவதற்காக முழு எண்ணாகவே வைத்துக்கொள்கிறேன். வரி விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும். இயந்திரம் 36,000 ரூபாய். அனுப்பும் கூலியும் காப்பீடும் 4,000. சுங்கத்துறை இரண்டையும் சேர்த்து 40,000 என்றுதான் மதிப்புப் போடும். அதன் மேல் சுங்க வரி 7.5 சதவீதம் என்றால் 3,000. அந்த 3,000 மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, 300. ஆக 43,300. ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி, இந்த 43,300 மேல்தான் விழும். 18 சதவீதத்துக்கு 7,794 ரூபாய். மொத்தம் 11,094 ரூபாய் வரி. கார்டில் பிடித்த தொகையோடு இது ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டாம். சுங்கத்துறை தான் அறிவித்த மாற்று விகிதத்தில்தான் கணக்குப் போடும், வங்கியின் விகிதத்தில் அல்ல.

இந்த 11,094இல் சுங்க வரியும் கூடுதல் வரியும் சேர்ந்த 3,300 திரும்பாது. அது இயந்திரத்தின் விலையோடு சேர்ந்துவிடும். ஐஜிஎஸ்டி 7,794 மட்டும் நம் கணக்கில் வரவாக வரும். பணமாகக் கைக்கு வராது. நாம் சிலை விற்று அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அந்த அளவு கழியும். ஒரு சின்னப் பட்டறைக்கு ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய் என்பது உதவியாளர் ஒருவரின் பல நாள் கூலி. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது.

சரி, தம்பி கட்டியது உண்மையான வரிதானே, ஏன் கிடைக்கவில்லை? உள்ளூரில் பித்தளை வாங்கினால் கடைக்காரர் தரும் பில்தான் ஆதாரம். வெளிநாட்டுப் பொருளுக்கு விற்றவர் தரும் பில் செல்லாது. பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்கப் படிவம்தான் ஆதாரம். கூரியரில் வரும் சரக்குக்கு அந்தப் படிவத்தை நம் சார்பில் கூரியர் நிறுவனமே தாக்கல் செய்துவிடும். அதில் நம் ஜிஎஸ்டி எண் இருந்தால், சுங்கத்துறை கணினியிலிருந்து விவரம் ஜிஎஸ்டி தளத்துக்குப் போய், நமக்குச் சேர வேண்டிய வரவைக் காட்டும் 2பி அறிக்கையில் இறக்குமதி என்ற பகுதியில் வந்து நிற்கும். எண் இல்லையென்றால் யாருடைய கணக்குக்கு அனுப்புவது என்று அந்தக் கணினிக்குத் தெரியாது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், ஆற்றிலும் ஓடுகிறது, நம் வாய்க்கால் மதகு மட்டும் அடைத்துக் கிடக்கிறது, அந்த நிலைதான்.

அந்த மதகு எங்கே அடைபடுகிறது தெரியுமா? பொருள் விமானத்தில் வந்துகொண்டிருக்கும்போது கூரியரிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும். அடையாள ஆவணம் அனுப்புங்கள், கேஒய்சி என்று கேட்பார்கள். நாம் பேருந்தில் போய்க்கொண்டிருப்போம். செல்போனில் ஆதார் படம் எப்போதும் தயாராக இருக்கும். தட்டி அனுப்பிவிடுவோம். அந்த நிமிடமே அது உங்கள் சொந்த உபயோகப் பொருளாக மாறிவிடலாம். சொந்த உபயோகத்துக்கு வரும் பொருளுக்குச் சுங்க அட்டவணையில் 9804 என்று தனித் தலைப்பே இருக்கிறது. அதற்கு வரி விகிதமும் தனி.

ஆகையால் ஆர்டர் போடும்போதே, ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரையும் முகவரியையும் எழுதுங்கள். கேஒய்சி கேட்டால் அந்தச் சான்றிதழ், பான் அட்டை, ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு, இந்த மூன்றையும் அனுப்புங்கள். ஐஇசி என்றதும் பெரிய வியாபாரிகளின் சமாச்சாரம் என்று பயப்பட வேண்டாம். இணையத்திலேயே 500 ரூபாய் கட்டணத்தில் கிடைக்கும். உங்கள் பான் எண்ணே அதன் எண். வருடாவருடம் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள் உள்ளே போய் ஒருமுறை உறுதி செய்ய வேண்டும், மறந்தால் முடங்கிவிடும். அனுப்பிய பிறகு கூரியர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, 33இல் தொடங்கும் உங்கள் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைப் படிவத்தில் ஏற்றிவிட்டார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். சரக்கு வெளியே வந்த பிறகு திருத்தச் சுங்கச் சட்டம் 149ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் ஏழாயிரத்துச் சொச்சத்துக்காகப் பட்டறையைப் பூட்டிவிட்டு யார் அலைவது? தம்பி விட்டுவிட்டார்.

விற்பவர் நல்ல எண்ணத்தில் பெட்டி மேல் 'பரிசுப் பொருள்' என்று எழுதி அனுப்புவதும் உண்டு. வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பரிசு என்ற பெயரில் இணைய வணிகப் பொருள் வருவதை 2019 டிசம்பரிலேயே அரசு கட்டுப்படுத்திவிட்டது. அப்புறம், பிரிட்டன் தளத்தில் 20 சதவீதமோ ஜெர்மனி தளத்தில் 19 சதவீதமோ அந்த நாட்டு வாட் வரியைச் சேர்த்துப் பில் போட்டிருந்தால், அதை இங்கே கேட்க முடியாது. ஏற்றுமதி என்பதால் அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று பணம் கட்டும் முன்பே விற்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

கூரியர்காரர் இரண்டு தாள் தருவார். ஒன்று பில் ஆஃப் என்ட்ரி. மற்றது, உங்களுக்காக வரியை முன்பணமாகக் கட்டியதற்கு அவர்கள் போடும் சேவைக் கட்டணப் பில். பலர் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டு முதலாவதைக் கேட்டு வாங்குவதே இல்லை. ஐஜிஎஸ்டிக்கு முதல் தாள்தான் உயிர். இரண்டாவதில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருந்தால், அந்தச் சேவைக் கட்டணத்தின் மேல் போட்ட வரியையும் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் நிறைய. விற்பனையில் 1 சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம், ஆனால் இன்புட் கிடையாது. அவர்களுக்கு முழு 11,094உம் செலவுதான். பொருளை வாங்கலாமா என்று யோசிக்கும்போதே அதைக் கூட்டிப் பார்க்க வேண்டும். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைபவர், தஞ்சாவூரில் வீணை செய்பவர் நிலை வேறு. கையால் செய்யும் நம் இசைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு. விற்பனைக்கு வரி இல்லாததால், அதற்காக வாங்கிய கருவியின் வரியும் வரவாகாது. விலக்கு என்றால் லாபம் என்று நினைக்கிறோம். வெளிநாட்டுக் கருவி வாங்கும் அன்றைக்கு அது பாரமாகத் தெரிகிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

கணக்கில் கவனிக்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதம் 14ஆம் தேதி 2பி அறிக்கை தயாராகும். அதில் உங்கள் இறக்குமதி வந்திருக்கிறதா பாருங்கள். வரவில்லையென்றால் ஜிஎஸ்டி தளத்திலேயே பில் ஆஃப் என்ட்ரி எண்ணையும் தேதியையும் போட்டுத் தேட வசதி இருக்கிறது. நாம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் 3பி படிவத்தில் சரக்கு இறக்குமதிக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது, அங்கேதான் எழுத வேண்டும். இயந்திரமாக இருந்தாலும் முழுத் தொகையையும் ஒரே மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வருமான வரிக் கணக்கில் தேய்மானம் போடும்போது அந்த 7,794ஐச் சேர்த்து விலை காட்டக் கூடாது. காட்டினால் இன்புட் போய்விடும். தள்ளிப்போடுகிறவர்கள் அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30ஐத் தாண்டவிடாதீர்கள்.

வடிவம் வரையும் மென்பொருளை மாதச் சந்தாவாக வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்குகிறவர்களும் இருக்கிறீர்கள். அதற்குச் சுங்கம் இல்லை. ஆனால் அங்கேயும் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுக்காவிட்டால், உங்களைப் பதிவில்லாத ஆளாக நினைத்து 18 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள், அது திரும்பாது. எண்ணைக் கொடுத்தால் அவர்கள் பிடிக்க மாட்டார்கள். ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே ரொக்கமாகக் கட்டி, நீங்களே வரவு எடுத்துக்கொள்ளலாம்.

சுவாமிமலைத் தம்பி நாலு மாதம் கழித்து அதே இயந்திரத்துக்கு நுனி உளிகள் வரவழைத்தார். இந்தத் தடவை குறுஞ்செய்தி வந்ததுமே எனக்கு போன் வந்தது. "அண்ணே, அந்தப் பதினைந்து எழுத்தையும் மெதுவாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன், அவர் திருப்பிச் சொன்னார், கடைசி எழுத்து வரைக்கும். அடுத்த மாதம் 14ஆம் தேதி சாயங்காலம் அவர் கணக்கைத் திறந்து பார்த்தேன். இறக்குமதிப் பகுதியில் ஒரே ஒரு பதிவு இருந்தது, 1,260 ரூபாய். அப்போதே அவருக்கு போன் செய்து சொல்லிவிட்டேன்.

நன்றி, வணக்கம்.