மடுவில் செபமாலை சொல்லும் சிங்களப் பாட்டி தமிழில் செபிப்பது ஏன்?

வணக்கம். ஆவணித் திருவிழாவுக்கு நீர்கொழும்பிலிருந்து, இலங்கையின் மன்னார் மாவட்டக் காட்டுக்குள் இருக்கும் மடு மாதா ஆலயத்துக்கு வந்து, மரநிழலில் கூடாரம் அடித்துச் சோறு சமைக்கும் ஒரு பாட்டியைக் கற்பனை செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் அவர் சிங்களவர். பேரப்பிள்ளைகளைச் சிங்களத்தில் அதட்டுகிறார். ஆனால், செபமாலையைக் கையில் எடுத்தவுடன் "அருள் நிறைந்த மரியாயே" என்று தமிழில் தொடங்குகிறார்.

வரலாற்றை விரைவாகக் கடந்துவிடுவோம்: ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்தியபோது, 1670இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுவரப்பட்ட மாதா சொரூபமே இன்றைய மடு மாதா என்பது மரபு.

இப்போது பாட்டியிடம் திரும்புவோம். புத்தளம் முதல் நீர்கொழும்பு வரையுள்ள கரையோரக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, கடந்த நூற்றாண்டில் பள்ளிக்கூட மொழி சிங்களமாக மாறிய பின்னரே சிங்களவர் ஆயின. நீர்கொழும்பு மீனவர் சிலர் வீட்டில் இன்றும் பேசும் தமிழைக் கேட்டால் நம் தமிழாசிரியர்கள் பிரம்பைத் தேடுவார்கள். ஏனெனில், சிங்களப் பேச்சைப் போலவே அதிலும் வினைமுற்றின் விகுதிகள் பெரும்பாலும் உதிர்ந்துபோய், நான், நீ, அவன் என்ற எல்லாருக்கும் ஒரே வினை வடிவம் போதுமாகிவிட்டது. மாநாடுகளும் குழுக்களும் தேடியலையும் நல்லிணக்கம் இலக்கணத்தில் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது என்பதை நினைக்கையில் எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஆனால், ஒரே மாதாவின் முன் முழந்தாளிடுவதையே நல்லிணக்கம் என்று அழைப்பதை நான் ஏற்கவில்லை. 1999 நவம்பரில் இதே ஆலய வளாகத்தில் எறிகணை விழுந்து, தஞ்சமடைந்திருந்த மக்களில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில், போர் நெருங்கியபோது, சொரூபமே கரையோரக் கிராமமான தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, போரின் இறுதிக்கு முன் வன்னிப் பெருநிலத்தில் இருந்தவர்களையும் பின்னர் அங்கிருந்து வெளியே வந்தவர்களையும் அரச செயலகங்களின் கணக்குகளிலேயே ஒப்பிட்டு, கணக்கில் வராத 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று அரச ஆணைக்குழுவின் முன் கேட்டார். அந்த எண் சிங்களத் திருப்பலி மறையுரைகளிலும் ஒலிக்க வேண்டும் என்பதே என் வாதம். நம் பக்கமும் சுத்தமில்லை: 1977 கலவரத்துக்குப் பின் வன்னியில் குடியேறிய மலையகத் தமிழரை "இந்தியாக்காரர்" என்று தள்ளிப் பேசும் நாக்குகள், திருப்பலியில் நற்கருணை வாங்கும் வரிசையிலும் நிற்கின்றன.

2017 பெப்ரவரி 20இல், கிளிநொச்சி கந்தசாமி கோயிலின் முன்னால், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். தெற்கிலுள்ள உங்கள் பங்குக் கோயிலிலிருந்து யாராவது அந்தப் பந்தலில், அந்தப் புகைப்படங்களின் அருகே, ஒரு மணி நேரமாவது அமர்ந்திருந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள். ஏனெனில், மடுவுக்கு வரும் யாத்திரைப் பேருந்துகள் மதவாச்சியிலேயே இடப்பக்கம் மன்னார் வீதிக்குத் திரும்பிவிடுகின்றன. கிளிநொச்சி அவற்றின் வழியில் இல்லை.