எலும்பு போடுவதற்கு முன் முழங்கையைப் பாருங்கள்

வணக்கம். கணினியில் வெக்டராக, அதாவது கோடும் புள்ளியுமாக, வரைந்த உருவத்துக்குள் எலும்பு போட்டு, அதை மடக்கி விதவிதமான போஸ் எடுப்பது பற்றித்தான் இன்றைக்கு. முன்னுரை எல்லாம் வேண்டாம், நேராகத் திரைக்கே போய்விடலாம். இதோ, இந்தப் பையனின் வலது கையைப் பாருங்கள். நீட்டியிருக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது முன்கை எலும்பைப் பிடித்து மேலே தூக்குகிறேன். பார்த்தீர்களா? ரப்பர் குழாயை மடித்த மாதிரி முழங்கை நசுங்கிவிட்டது. உள்பக்கத்தில் கூராக ஒரு மடிப்பு வேறு.

இதை இந்த வீடியோவுக்காக வேண்டுமென்றே செய்யவில்லை. ஒரு வேலைக்காக 12 போஸ் தருவதாக ஒப்புக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாக எலும்பு போட்டு முடித்த பழைய ஃபைல் இது. காலையில் தூங்கி எழுந்து பார்த்தால் 12 படத்திலும் இதே முழங்கை. ஒவ்வொன்றையும் கையால் திருத்தினேன். எலும்பே போடாமல் 12 படத்தையும் தனித்தனியாக வரைந்திருந்தால் அதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கும்.

அன்றைக்கு மென்பொருளைத்தான் திட்டினேன். ஆனால் தப்பு என் படத்தில் இருந்தது. எலும்பு என்று நாம் சொல்வது ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்புகிற ஒரு கோடு, அவ்வளவுதான். மேல்கை திரும்பினால் முன்கை கூடவே போகும், முன்கை திரும்பினால் விரல் போகும். மூட்டு மடங்கும்போது எப்படித் தெரிய வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அதைப் படம் வரைகிறவர்தான் யோசித்து வைக்க வேண்டும்.

முதலில் சுலபமான வகை. கையை மேல்கை, முன்கை என்று இரண்டு துண்டாக வைத்துக்கொள்கிறோம். புதிதாகச் செய்கிறவர்கள் பலரும் முழங்கையில் கத்தியால் வெட்டின மாதிரி நேராக வெட்டுவார்கள். மடக்கினால் வெளிப்பக்கம் ஓட்டை விழும். நேராக வெட்டாதீர்கள். இரண்டு துண்டும் முழங்கையில் ஒரே அளவு வட்டமாக முடிய வேண்டும். கையின் அகலம் 40 பிக்சல் என்றால் இரண்டு முனையிலும் 20 பிக்சல் ஆரமுள்ள வட்டம், ஒன்றின் மேல் ஒன்றாக. சுழலும் மையத்தை, அதாவது பிவட்டை, சரியாக அந்த வட்டத்தின் நடுவில் வையுங்கள். வட்டத்தை அதன் மையத்தில் வைத்து எவ்வளவு சுற்றினாலும் அது வட்டமாகவே இருக்கும் இல்லையா? அதனால் எந்தக் கோணத்திலும் ஓட்டை விழாது. பிவட் நாலைந்து பிக்சல் தள்ளிப்போனால்கூட 90 டிகிரி மடக்கும்போது வெளியே ஒரு புடைப்பு தெரியும்.

இது வெறும் நிறம் மட்டும் இருக்கிற உருவத்துக்குச் சரி. வெளிக்கோடு இருக்கிற உருவம் என்றால் முன்கையின் வட்டக்கோடு மேல்கையின் மேல் வளையல் மாதிரி தெரியும். அதற்கு அடுக்கு வரிசையை மாற்ற வேண்டும். இரண்டு துண்டின் ஸ்ட்ரோக்கும், அதாவது வெளிக்கோடும், அடியில்; இரண்டு துண்டின் ஃபில்லும், அதாவது உள்நிறமும், மேலே. ஒவ்வொரு துண்டையும் ஒரு நகல் எடுத்து, அடியில் இருப்பதற்கு ஸ்ட்ரோக், மேலே இருப்பதற்கு நிறம் மட்டும் கொடுங்கள், இரண்டையும் ஒரே எலும்பில் கட்டுங்கள். ஸ்ட்ரோக்கில் உள்பாதி நிறத்துக்குக் கீழே மறைந்துவிடும், அதனால் 4 பிக்சல் கோடு வெளியே தெரிய வேண்டும் என்றால் 8 கொடுக்க வேண்டும். மோஹோ என்ற அனிமேஷன் மென்பொருளில் இதற்கென்றே பேட்ச் லேயர் இருக்கிறது, நகல் எடுக்கிற வேலை மிச்சம்.

சரி, இப்போது நான் மாட்டிக்கொண்ட வகைக்கு வருகிறேன். கை ஒரே பாத், அதாவது முழுக்க ஒரே தொடர்கோடு, துண்டே கிடையாது, அதற்குள் இரண்டு எலும்பு. சட்டைக்கை, வால், முடி மாதிரி வளைகிற சமாசாரத்துக்கு இதுதான் அழகு. இதில் பாத்தில் உள்ள ஒவ்வொரு ஆங்கர் பாயின்ட்டுக்கும், அதாவது கோட்டைப் பிடித்து வைத்திருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும், ஒரு வெயிட் உண்டு. இந்தப் புள்ளி மேல்கை எலும்பை எவ்வளவு கேட்கும், முன்கை எலும்பை எவ்வளவு கேட்கும் என்ற பங்கு. பொதுவான முறையில், இரண்டு எலும்பும் அந்தப் புள்ளியை எங்கே கொண்டுபோகும் என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டு, பங்குப்படி சராசரி எடுப்பார்கள்.

அந்தச் சராசரியில்தான் வம்பு. முழங்கையின் விளிம்பில் பாதிக்குப் பாதி பங்குள்ள ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கையை 90 டிகிரி மடக்குகிறோம். மேல்கை எலும்பு “இங்கேயே இரு” என்கிறது, முன்கை எலும்பு “90 டிகிரி சுற்றி வா” என்கிறது. புள்ளி அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் போய் நிற்கும். வளைவின் வழியே போகாமல் நேர்க்கோட்டின் நடுவே நிற்பதால் மூட்டின் மையத்தை நெருங்கிவிடும். கணக்குப் போட்டால் மையத்திலிருந்து முன்பு இருந்த தூரத்தில் 71 சதவீதம்தான் மிச்சம். 120 டிகிரி மடக்கினால் சரிபாதி. நான் காட்டின அந்த நசுங்கிய முழங்கை இதுதான். இது தெரிந்த பிறகு எனக்கு மென்பொருள் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

எப்படிச் சமாளிப்பது? முழங்கையில் ஒரே ஒரு ஆங்கர் பாயின்ட் வைக்காதீர்கள். வெளிப்பக்கம் மூன்று. மேலே உள்ளது முழுக்க மேல்கைக்கு, கீழே உள்ளது முழுக்க முன்கைக்கு, நடுவில் உள்ளது மட்டும் பாதிப்பாதி. மெலிவு அந்த ஒரு புள்ளியோடு நின்றுவிடும். உள்பக்கம் இரண்டே போதும், ஆளுக்கொன்று. அங்கே நடுப்புள்ளி வைத்தால் அது உள்ளே சுருண்டு ஒரு முடிச்சு போடும். அப்புறமும் இடித்தால் மோஹோவின் ஸ்மார்ட் போன் (Smart Bone, கைபேசி அல்ல) மாதிரி வசதிகள் உண்டு. எலும்பு 120 டிகிரிக்கு வரும்போது புள்ளிகள் எங்கே இருக்க வேண்டும் என்று நீங்களே திருத்திக் காட்டினால் அதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

எந்த மென்பொருள் என்று கேட்பீர்கள். மோஹோ 1999 வாக்கில் மைக் கிளிஃப்டன் என்ற ஒருவர் தனியாக எழுத ஆரம்பித்தது, இடையில் அனிமே ஸ்டுடியோ என்ற பெயரில் வந்தது, வெக்டரில் எலும்பு என்றால் எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். ஃப்ளாஷில் 2008-ல் சிஎஸ்4 பதிப்போடு போன் டூல் (Bone Tool) வந்தது. காசு செலவழிக்க வேண்டாம் என்றால் சின்ஃபிக். இல்லஸ்ட்ரேட்டரில் இருப்பது எலும்பு அல்ல, பப்பெட் வார்ப். 2017 இறுதியில் வந்தது. பின் குத்தி இழுக்கலாம், ஆனால் இழுத்தால் கை நீண்டுவிடும். எலும்பு என்றால் நீளம் மாறாது. லேசாகத் தலையைச் சாய்க்க, வாலை வளைக்க பப்பெட் வார்ப் போதும். முழு உடம்புக்கு அதை நம்பி இறங்காதீர்கள்.

இங்க்ஸ்கேப்பில் எலும்பே இல்லை. ஆனால் குரூப் செய்யத் தெரிந்தால் எந்த வெக்டர் மென்பொருளிலும் எலும்பு மாதிரி ஒன்றைச் செய்துகொள்ளலாம். பெரும்பாலும் ஒரு குரூப்பைச் சுற்றினால் அது தன் எல்லைச் சதுரத்தின் நடுவை வைத்துத்தான் சுற்றும். அப்படியானால் அந்த நடுவை மூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் போதுமே? முழங்கையை மையமாக வைத்து, ஃபில்லும் ஸ்ட்ரோக்கும் இல்லாத ஒரு பெரிய வட்டம் போடுங்கள். முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்து 130 பிக்சல் என்றால் வட்டத்தின் ஆரம் 140. மூன்றையும் குரூப் செய்தால் குரூப்பின் நடு எப்போதும் முழங்கைதான். பிறகு இந்தக் குரூப்போடு மேல்கையையும், தோளை மையமாக வைத்த இன்னொரு வட்டத்தையும் சேர்த்து வெளிக்குரூப். மேல்கை 120 என்றால் உள்வட்டமும் அடங்க வேண்டும் அல்லவா, 120-ம் 140-ம் 260, கொஞ்சம் தாராளமாக 270 வையுங்கள். வெளிக்குரூப்பைச் சுற்றினால் கை முழுதும், உள்ளே போய்ச் சுற்றினால் முன்கை மட்டும். வெளிக்கோடில்லாத உருவத்துக்கு மட்டும்தான் இது சரிவரும், ஏனென்றால் ஸ்ட்ரோக்கையும் ஃபில்லையும் மாற்றி அடுக்க குரூப் விடாது.

கைக்கு இப்படி ஒவ்வொன்றாகச் சுற்றுவது பரவாயில்லை. காலுக்குத்தான் எரிச்சல் வரும், இடுப்பைக் கீழே இறக்கினால் பாதமும் தரைக்குள் போய்விடும். அதற்குத்தான் ஐகே, இன்வர்ஸ் கைனமேட்டிக்ஸ். பாதம் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு இடுப்பை இறக்கினால் முழங்கால் தானாக மடங்கும். ஆனால் தொடை, கெண்டைக்கால் இரண்டின் நீளத்துக்கும் முழங்கால் முன்னாலும் மடங்கலாம், பின்னாலும் மடங்கலாம், கணக்கில் இரண்டுமே சரி. காலை விறைப்பாக நேராக வரைந்து எலும்பு போட்டால் திடீரென்று கொக்கின் கால் மாதிரி பின்பக்கம் மடங்கும். வரையும்போதே முழங்காலை லேசாக முன்னால் வளைத்து வையுங்கள், கோண வரம்பு வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

எல்லாம் கட்டியாகிவிட்டது, இப்போது போஸ். எல்லாரும் முதலில் கையைத் தூக்குவார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது இடுப்பில் ஆரம்பிக்கிறேன். மூல எலும்பும் இடுப்பில்தான் இருக்க வேண்டும், மார்பில் வைத்துவிட்டால் உட்காரவே வைக்க முடியாது. பாருங்கள், இடுப்பை வலது காலின் மேல் தள்ளுகிறேன், எடை அந்தப் பக்கம் போகிறது, அதனால் வலது இடுப்பு கொஞ்சம் மேலே. தோளை எதிர்ப்பக்கம் சாய்க்கிறேன், வலது தோள் கீழே. இடது முழங்காலைத் தளர்த்துகிறேன். கையை இன்னும் தொடவே இல்லை, பையன் யாருக்கோ காத்திருக்கிற மாதிரி ஆகிவிட்டான். நிழலுருவமாகவும் போஸ் புரிகிறதா என்று முழுவதையும் கறுப்பாக்கிப் பார்க்கிறேன். இடது கை உடம்போடு ஒட்டி மறைந்துவிட்டது, கொஞ்சம் விலக்கினால் சரி.

கேமராவை நோக்கிக் கையை நீட்டுகிற போஸ் மட்டும் இந்த ரிக்கில், அதாவது இந்த எலும்புக் கட்டமைப்பில், வராது. எலும்பு திரையின் தளத்தில்தான் சுழலும், நம்மை நோக்கி வராது. நீளத்தைக் குறுக்கிப் பார்த்தேன், குட்டைக் கையாகத்தான் தெரிந்தது. அந்த ஒரு கையைத் தனியாக வரைந்து மாற்றி வைத்துவிடுவேன். உள்ளங்கையும் அப்படித்தான், விரலுக்கு விரல் எலும்பு போடுவதை நிறுத்திவிட்டு, ஆறு உள்ளங்கை வரைந்து தேவைக்கு மாற்றுகிறேன்.

குரூப் வட்ட முறையில் செய்தவர்கள் ஏற்றுமதி செய்யும்போது ஆர்ட்போர்டு, அதாவது வரைகிற பக்கத்தின், அளவில் செய்யுங்கள். படத்தின் அளவில் செய்தால் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெரிய வட்டங்களும் சேர்ந்துகொண்டு, பையன் ஒரு பெரிய வெற்றிடத்தின் நடுவில் குட்டியாக நிற்பான்.