ஜூஹூ மணலில் நேப்பிள்ஸ்காரர்

நேயர்களுக்கு வணக்கம். கடல் நன்றாக உள்வாங்கும் நேரம் பார்த்து மும்பை ஜூஹூ கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? கையில் பேல்பூரி இருந்தாலும் பரவாயில்லை, காலடியைப் பாருங்கள். ஈரமணலிலிருந்து ஸ்ட்ரா மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், மேலெல்லாம் கிளிஞ்சல் சில்லு, ஓடு வேய்ந்தது போல. குப்பை என்று தாண்டிவிடுவோம். அது ஒரு புழு கட்டிய வீடு. இழுத்தால் வெறும் குழாய்தான் கையோடு வரும், வீட்டுக்காரர் ஆழத்துக்கு இறங்கியிருப்பார்.

இந்த வகைக்கு தயோபாட்ரா என்று பெயர். நம் கரைகளில் பிடித்ததற்குப் பழைய பட்டியல்களில் ‘தயோபாட்ரா நியாபோலிடானா’ என்று போட்டிருக்கும், அதாவது நேப்பிள்ஸ்காரர்! இத்தாலியப் புழுவுக்கு 1841-இல் வைத்த பெயர். கையிலிருந்த புத்தகங்கள் ஐரோப்பியப் புழுக்களைப் பற்றியவை, பார்க்க ஒத்துப்போனால் அதே பெயரை எழுதிவிடுவது. எனக்கு இதில்தான் தீராத வழக்கு. பிடித்த புழுவைக் கெடாமல் வைக்க ஃபார்மலின் கரைசலில் போட்டதும் நிறம் வெளுத்துவிடும், டிஎன்ஏவும் சிதையும், அப்புறம் நுண்ணோக்கியில் முள்ளையும் தாடையையும் பார்த்து மல்லுக்கட்ட வேண்டியதுதான். புழு உயிரோடு இருக்கும்போதே பாருங்கள் என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

சரி, டிஎன்ஏ கிடைத்தால் தீர்ந்ததா? நான் எங்கே போனாலும் சொல்லும் கதை இது, வீட்டில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 1915-இல் ஸ்வீடன் கடலில் ஒரு புழு கிடைத்தது. கழற்றிப் போட்ட சாக்ஸ் மாதிரி இருக்கும். வாய் உண்டு, ஆசனவாய் கிடையாது. மூளை கிடையாது. ஸீனோடர்பெல்லா என்று பெயர் வைக்கவே 1949 ஆனது. 1997-இல் டிஎன்ஏ எடுத்துப் பார்த்தவர்கள், அட, இது சிப்பியின் சொந்தக்காரர் என்றார்கள்! ஆறு வருஷம் கழித்துத்தான் குட்டு வெளிப்பட்டது. புழு சிப்பி வகைகளைத் தின்றிருக்கிறது, இவர்கள் படித்தது அதன் சாப்பாட்டை. நம் வயிற்றில் கிடக்கும் இட்லியைச் சோதித்துவிட்டு நம்மை உளுந்துச் செடி என்று எழுதினால் எப்படி இருக்கும்? அதான் நடந்தது. 2016-இல் பசிபிக் ஆழ்கடலிலிருந்து இதே வகையில் இன்னும் நாலுக்குப் பெயர் வைத்தார்கள், ஒன்றுக்கு சுர்ரோ என்ற ஸ்பானியப் பலகாரத்தின் பெயர். பசியோடு வைத்த பெயர்தான், சந்தேகமில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். குருசடைத் தீவைப் பற்றிப் பேசத்தான் வந்தேன், பாம்பன் பக்கம், அந்தத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-லேயே தனி வெளியீடு போட்டது, அது இன்னொரு நாள். ஜூஹூவுக்குப் போனால் குழாயைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். நன்றி, வணக்கம்.